சாய்மானம்: சொல்லும் வழக்கும்

உட்கார்வதற்கும் படுப்பதற்கும் இடைப்பட்ட உடல்நிலையைச் சாய்தல் என்கிறோம். நிமிர்ந்து நிற்பது ஒரு பக்கமாகத் தாழ்வதே ‘சாய்’ என்னும் வினையடியின் முதற்பொருள். அவ்வாறு தாழும் உடலைத் தாங்கிக்கொள்வது சாய்மானம். பிடித்துக்கொள்ள உதவுவது பிடிமானம் எனப்படுவதைப் போன்ற ஆக்கம் இது. தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில், திண்ணையின் ஓரத்தில் முதுகுக்கும் தலைக்கும் ஏற்பச் சரிவாகக் கட்டிப் பூசிய திண்டு, இச்சொல்லுக்குக் கண்கண்ட பொருளாக இன்றும் இருக்கிறது.

தாங்க ஒன்று இருக்கும்வரை சாய்தல் ஓய்வு. இல்லையேல் அதே சொல் வீழ்ச்சியைக் குறிக்கும். “கொஞ்சம் கட்டையைச் சாய்க்கிறேன்” என்பவர் உறங்கப் போகிறார். கதிர் முற்றிய சம்பா வயலில் மழை கொட்டியபின் “பயிர் சாய்ந்துவிட்டது” என்பவரோ இழப்பைச் சொல்கிறார். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் டெல்டாவின் தென்னைகள் சாய்ந்ததும் இப்பொருளில்தான்.

சாயங்காலத்தைப் பொழுது ‘சாயும் காலம்’ என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு. கேட்க இனிமையாக இருந்தாலும், அது மாலையைக் குறிக்கும் ‘சாயம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது. வீட்டுச் சுவரை ஒட்டிச் சரிவாக இறக்கும் கூரையாகிய ‘சாய்ப்பு’ என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அது நம் வினையடியின் நேர்ப்பிள்ளை.

படுத்தலோடு சாய்தலைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திருவரங்கத்தில் பெருமாள் கிடந்த கோலத்தில் இருக்கிறார். குடந்தைச் சாரங்கபாணியின் கோலத்தையோ உத்தான சயனம் என்பர். “எழுந்திருந்து பேசு” என்று திருமழிசையாழ்வார் பாட, பெருமாள் எழ முற்பட்ட நிலை அது என்பது தலபுராணம். முழுக்கக் கிடக்கவுமில்லை, முழுக்க எழவுமில்லை என்ற அந்த நிலைக்குத் தமிழில் சாய்ந்திருத்தல் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

ஈசி சேருக்குச் சாய்வு நாற்காலி என்ற பெயர் நன்றாக வேரூன்றிவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு இரவில் ஓடும் பேருந்துகளின் புஷ்பேக் சீட்டுக்கும் அப்பெயரையே நீட்டுவதுதான் பொருந்தாது, ஏனெனில் அதற்கு நான்கு கால்கள் இல்லை. சாய்விருக்கை என்பதே அதற்குத் தகும்.