தைராய்டு மிகைச்சுரப்பு: இரத்தம் சீரான பிறகும் கண் ஏன் உறுத்துகிறது?

தைராய்டு மிகையாகச் சுரப்பது அண்மையில் கண்டறியப்பட்டு, கண் பரிசோதனைக்காக என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மாத்திரை தொடங்கியதும் படபடப்பும் கைநடுக்கமும் குறைந்துவிட்டன. அப்படியிருக்கக் கண்ணில் மட்டும் உறுத்தலும் நீர் வடிதலும் இமை வீக்கமும் ஏன் நீடிக்கின்றன?

மிகைச்சுரப்புக்குப் பெரும்பான்மையான காரணம் கிரேவ்ஸ் நோய். இதில் உடலின் எதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் விழிக்குப் பின்னுள்ள திசுக்களிலும் இருப்பதால், அங்குள்ள தசையும் கொழுப்பும் வீங்கி, எலும்புக் குழிக்குள் இடம் போதாமல் விழி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. கார்பிமசோல் மாத்திரை ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கிறதே தவிர, இந்த அழற்சியை நேரடியாகத் தணிப்பதில்லை. இரத்தத்தில் ஹார்மோன் அளவுகள் சில வாரங்களில் சீராகத் தொடங்கலாம். கண்ணின் அழற்சி அடங்க ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரைகூட ஆகலாம். இதை முதல் நாளிலேயே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொல்லாதபோது, சிகிச்சை பலிக்கவில்லை என்று எண்ணிச் சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள்.

பெரும்பாலானோருக்குக் கண் பாதிப்பு லேசானதாகவே இருக்கும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இமை முழுமையாக மூடாதவர்களுக்கு இரவில் கண் களிம்பு, தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுப்பது, வெளியில் கறுப்புக் கண்ணாடி ஆகியவை நல்ல ஆறுதல் தரும். நோயாளி தாமே மாற்றக்கூடியவற்றுள் முதன்மையானது புகைப்பழக்கம். அது கண் பாதிப்பு வரும் வாய்ப்பையும் அதன் தீவிரத்தையும் கூட்டுவதோடு, சிகிச்சையின் பலனையும் குறைக்கிறது. அருகிலிருப்பவர் விடும் புகையையும் தவிர்ப்பது நல்லது.

தைராய்டின் மிகைச்சுரப்பை அடக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், கண் தொல்லை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அச்சிகிச்சை சிலருக்குக் கண் நோயை மோசமாக்கக்கூடும் என்பதால், மருத்துவர் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லது ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். மாத்திரையின் அளவு கூடி, தைராய்டு குறைச்சுரப்பாக மாறுவதும் கண்ணுக்கு நல்லதன்று; ஆகவே குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது கண்ணுக்கான பாதுகாப்பும்கூட. கார்பிமசோல் எடுக்கும்போது காய்ச்சலோ கடும் தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டும். அரிதாக அவை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடுவதுண்டு.

முகத்தோற்றம் மாறுவதால் வரும் மன வேதனையை நோயாளிகள் தயக்கத்தோடுதான் சொல்கிறார்கள். விழித்துப் பார்ப்பது போன்ற தோற்றத்தைக் கோபம் என்று பிறர் தவறாக எண்ணுவது அவர்களை மிகவும் வாட்டுகிறது. இதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்; பழைய புகைப்படங்களைக் கொண்டுவந்தால் மாற்றத்தின் அளவை மதிப்பிட எங்களுக்கும் உதவும். துருத்தலையும் இமையையும் சீராக்கும் அறுவை சிகிச்சைகள் உண்டு; பார்வைக்கு ஆபத்து இல்லாதவரை, அழற்சி அடங்கிய பிறகே அவற்றைச் செய்வது வழக்கம்.

நிறங்கள் மங்கித் தெரிதல், பார்வை குறைதல், திடீரென இரட்டையாகத் தெரிதல், கண்ணில் கடும் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வீங்கிய தசைகள் பார்வை நரம்பை அழுத்தினால், உடனடிச் சிகிச்சையே பார்வையைக் காக்கும்.