பூஸ்டரைக் கழற்றியதும் படம் வந்தது

வீடுகளில் டிவி ஆன்டெனா மாட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். என்னை அழைக்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "ஹெச்டி ஆன்டெனா இருக்கிறதா?" என்றுதான். அப்படித் தனியாக ஒன்று கிடையாது என்றால், ஏதோ விற்க மனமில்லாமல் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஆன்டெனா என்பது காற்றில் வரும் ரேடியோ அலையைப் பிடித்துக் கேபிளில் இறக்கும் உலோகம், அவ்வளவுதான். அந்த அலைக்குள் இருப்பது பழைய அனலாக் படமா, 1920க்கு 1080 புள்ளி ஹெச்டி படமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, பிரித்துப் படமாக்குவது டிவிக்குள் இருக்கும் டியூனர். கூரையில் அப்பா காலத்து மீன்முள் ஆன்டெனா இன்னும் உறுதியாக நிற்கிறதென்றால் (1926இல் ஜப்பானில் உடாவும் யாகியும் வெளியிட்ட அதே வடிவம்தான் அது) முதலில் அதையே இணைத்துப் பாருங்கள். இப்போதைய சேனல்கள் வரும் அலைவரிசைக்கு ஏற்றதாக இருந்தால் போதும்.

டியூனரில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஏடிஎஸ்சி, ஐரோப்பாவில் டிவிபி-டி அல்லது டி2, ஜப்பானில் ஐஎஸ்டிபி-டி என்று டிஜிட்டல் ஒளிபரப்பு முறைகள் வேறு வேறு, ஒன்றுக்கான டியூனர் இன்னொன்றைப் படிக்காது.

அப்புறம் ஆன்டெனா அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் "400 கிலோமீட்டர் தூரம்" கதை. டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியோ உருண்டை. 300 மீட்டர் டவர், உங்கள் ஆன்டெனா 9 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், நடுவில் மலையோ கட்டடமோ இல்லாவிட்டாலும் கணக்குப்படி 85 கிலோமீட்டர் வாக்கில் தொடுவானம் மறைத்துவிடும். அதற்கு அப்பாலிருந்து எப்போதாவது எட்டிப் பார்க்கிற சிக்னலை நம்பி யாரும் நிம்மதியாக டிவி பார்க்க முடியாது.

ஒரு வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் நின்றால் டவர் தெரிகிறது, ஆனால் டிவியில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. சிக்னல் போதவில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் சிக்னலைப் பெரிதாக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கி, அது சரிவராமல் அதைவிடப் பெரிதாக இன்னொன்றையும் வாங்கி மாட்டியிருந்தார். நான் இரண்டையும் கழற்றிவிட்டு ஆன்டெனா கேபிளை நேராக டிவியில் செருகினேன், எல்லாச் சேனலும் வந்துவிட்டன. ஏற்கெனவே பலமான சிக்னலைப் பூஸ்டர் மேலும் ஏற்றினால் டியூனர் திணறிவிடும். பலவீனமான இடத்தில் மட்டும் என்ன, இல்லாத சிக்னலை அது உண்டாக்காது, வருவதை இரைச்சலோடு சேர்த்தே பெரிதாக்கும். ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 வகைக் கேபிளில் 600 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 15, 20 மீட்டர் போவதற்குள் பாதியாகிவிடுகிறது, இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்தால் அங்கே இன்னொரு பாதி போகும். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் பூஸ்டர், அதுவும் ஆன்டெனா பக்கத்திலேயே இருக்க வேண்டும், டிவிக்குப் பின்னால் மாட்டி அவ்வளவாகப் பயனில்லை.

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது, ஓர் எல்லை வரைக்கும் பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே இறங்கினால் உடைந்து நின்றே போகும். காலையில் நன்றாக வந்த சேனல் மழையில் எதிர்மரத்து இலையெல்லாம் நனைந்ததும் காணாமல் போவது அதனால்தான்.

வீட்டுக்குள் வைக்கிற ஆன்டெனா என்றால் பொறுமைதான் முக்கியம். 600 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 25 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். சுவரில் பட்டுத் திரும்பும் அலை ஓரிடத்தில் நேர் அலையோடு சேர்ந்து பலப்படும், ஒரு சாண் தள்ளுவதற்குள்ளேயே அதை அழிக்கவும் செய்யும். ஆகவே டிவி மெனுவில் சிக்னல் அளவைத் திறந்து வைத்துக்கொண்டு, பலத்தைவிடத் தரம் காட்டும் பட்டையைப் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி, சுவருக்குள் அலுமினியத் தாள் எல்லாம் சிக்னலை நன்றாகவே தடுக்கும். காகிதம் போல ஒட்டுகிற தட்டை ஆன்டெனா பல நேரம் விஹெச்எஃப் எனும் தாழ்ந்த அலைவரிசைச் சேனல்களைக் கோட்டைவிடும், 200 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலையே 75 சென்டிமீட்டர், அந்தச் சின்னத் தகட்டுக்கு அது பெரிது.

நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று கெட்டால் நான் முதலில் பார்ப்பது வெளியே இருக்கும் கனெக்டரை. தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். நீங்களே கூரை ஏறுவதாக இருந்தால் ஒன்று: கம்பம் சாய்ந்தால் எட்டும் தூரத்தில் மின்கம்பி இருக்கவே கூடாது. கம்பத்துக்கும் கேபிளுக்கும் எர்த் இணைப்பு கொடுப்பதை அந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

நிலையங்கள் அலைவரிசையை மாற்றினால் டிவி தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பாதீர்கள், மறுபடி சேனல் ஸ்கேன் செய்ய வேண்டும். போன மாதம்கூட ஒருவர் ஆன்டெனா போய்விட்டது என்று கூப்பிட்டார், ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன், வேலை ரிமோட்டிலேயே முடிந்துவிட்டது.