எஸ்ச்சூ என்று எழுதுவதற்கு முன்

இந்த வாரம் திருத்திய கட்டுரைகளிலும் 'எஸ்ச்சூ' (eschew) என்ற அதே சொல் வந்துவிட்டது. எழுதியவள் படிவம் 5 மாணவி, நன்றாக எழுதக்கூடியவள். பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்பதால் அப்பாவும் அவளும் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி ஜார்ஜ்டவுனுக்கு வந்த கதை. நெரிசலைத் தவிர்க்க என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டு எஸ்ச்சூ தி ஜாம்' என்று எழுதியிருந்தாள். முதலில் 'அவாய்ட்' என்றுதான் எழுதியிருக்கிறாள். பிறகு அதன்மேல் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் சரியான சொல் பளிச்சென்று தெரிகிறது.

ஏன் அடித்தாய் என்று கேட்டால், "அவாய்ட் எல்லாம் சின்னப் பிள்ளைங்க எழுதுறது டீச்சர், ஏ பிளஸ் கிடைக்காது" என்கிறாள். வாட்ஸ்அப்பில் சுற்றும் சொற்பட்டியல் செய்த வேலை இது. ஒரு பக்கம் எளிய சொல், மறுபக்கம் 'உயர்ந்த' சொல், நடுவில் சமக்குறி. அந்தச் சமக்குறிதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது.

பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கடினமான சொல்லுக்கென்று, மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தனி மதிப்பெண் கிடையாது. ஆங்கிலம் தாள் 2-இல் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். அந்த 20-உம் உள்ளடக்கம், வாசகருக்குப் போய்ச் சேரும் விதம், ஒழுங்கமைப்பு, மொழி என்று ஐந்தைந்தாகப் பிரிகிறது. அதிகம் புழங்காத சொற்களுக்கு மொழிப் பகுதியில் இடம் உண்டுதான், ஆனால் அவை பொருந்தி வர வேண்டும். பொருந்தாத ஒரு சொல், படித்துக்கொண்டு போகிறவரை நடுவழியில் நிறுத்திவிடுகிறது. நண்பனுக்கு எழுதும் 80 சொல் மின்னஞ்சலில் இலக்கிய வினைச்சொல் வந்தால், யாருக்கு எழுதுகிறோம் என்பதே இந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்றுதான் திருத்துகிறவர் நினைப்பார். மொழியில் ஒன்று ஏற்ற நினைத்து இன்னொரு பகுதியில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. எளிய சொல் தாழ்ந்த சொல் இல்லை அம்மா. ஆங்கிலத்தில் நன்றாக எழுதுகிறவர்கள் நாள் முழுக்க 'அவாய்ட்' என்றுதான் எழுதுகிறார்கள்.

சரி, எஸ்ச்சூ என்றால் என்ன? அதுவும் விலக்குவதுதான். ஆனால் ஒரு கொள்கையாக, தானே முடிவெடுத்து, பெரும்பாலும் நெடுநாள் பழக்கமாகவே விலக்குவது. எதிரே வரும் குழியை, மழையை, விபத்தைத் தவிர்ப்பதற்கு அது வராது. தைப்பூசத்துக்காக விரதம் இருந்து, தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கும் நாள்வரை கவிச்சி தொடாமல் இருக்கிறார் உங்கள் மாமா. அவர் இறைச்சியை 'எஸ்ச்சூ' செய்கிறார். நாசி கண்டார் கடையில் கோழி முடிந்துவிட்டதால் முட்டையோடு சாப்பிட்டு வந்த அண்ணன் எதையும் எஸ்ச்சூ செய்யவில்லை. காந்தி வன்முறையை விலக்கினார் என்று எழுதும்போது இந்தச் சொல் கச்சிதமாக உட்காரும். மது, ஆடம்பரம், விளம்பர வெளிச்சம் இவற்றோடும் ஒட்டும். 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் யோபுவின் கதை தொடங்கும் முதல் வசனத்திலேயே அவர் தீமையை எஸ்ச்சூ செய்தவர் என்று இருக்கிறது. அதே இடத்தில் தமிழ் வேதாகமம் 'பொல்லாப்புக்கு விலகுகிறவன்' என்கிறது. அந்தக் கனத்தைக் கொண்டுபோய்ப் பாலத்து நெரிசலின் தலையில் வைக்கலாமா?

நம் பிள்ளைகளுக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. தமிழில் 'இலிருந்து விலகு' என்கிறோம், மலாயில் விலகுவதற்கும் தவிர்ப்பதற்கும் பின்னால் 'இலிருந்து' என்று பொருள்படும் 'டாரிபாடா' போடப் பழகியிருக்கிறோம். இரண்டும் சேர்ந்து கையைப் பிடித்து இழுக்க, 'எஸ்ச்சூ ஃப்ரம்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஃப்ரம்' வரவே கூடாது. விலக்கும் பொருள் நேராகப் பின்னால் வர வேண்டும். செயலைச் சொல்வதானால் 'எஸ்ச்சூ ஈட்டிங் மீட்' என்று 'இங்' போட்டு எழுத வேண்டும். 'எஸ்ச்சூ டு ஈட்' தவறு.

அதே பட்டியலில் வரும் 'பிஹோவ்' (behove) கதை இதைவிட மோசம். கடமை, தகும் என்ற பொருள். அதற்கு எழுவாயாக 'இட்'தான் வரும். 'இட் பிஹோவ்ஸ் அஸ்' என்பதுபோல. 'ஐ பிஹோவ்' என்று எழுதுகிற பிள்ளைக்குப் பட்டியல் பொருளை மட்டும் தந்து, வாக்கியத்தைத் தராமல் விட்டிருக்கிறது.

அப்படியானால் படிக்கவே வேண்டாமா? நன்றாகப் படியுங்கள். படித்தால் புரிய வேண்டிய சொற்கள் ஒரு பெட்டி, கையெடுத்து எழுத வேண்டிய சொற்கள் வேறு பெட்டி. முதல் பெட்டி எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். புதுச் சொல் கண்ணில் பட்டதும் மொழி கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் அகராதியைத் திறங்கள், கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. பொருளுக்கு முன்னால் 'ஃபார்மல்', 'லிட்டரரி' என்று சிறு எழுத்தில் இருப்பதைத் தாண்டிப் போகாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அந்த வினைக்குப் பின்னால் எப்படிப்பட்ட பொருள்கள் வருகின்றன என்று பாருங்கள். ஒலிக்குறியைத் தட்டிக் கேளுங்கள். எஸ்ச்சூவில் அழுத்தம் 'சூ'வில் விழுகிறது. பேச்சுத் தேர்வில் இதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு முகம் வாடிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு உங்கள் வீட்டில் உண்மையிலேயே நடக்கிற ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் தலையசைக்கும்வரை அந்தச் சொல் முதல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பெற்றோர்களே, தயவுசெய்து அந்தப் பட்டியல்களைப் பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் நாளுக்கு ஒரு சொல், அதுவும் வாக்கியத்தோடு.

தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கிற பிள்ளைகள் புதிய வினைச்சொல் எதையும் தொட வேண்டாம். உங்கள் மதிப்பெண் போவது இறந்தகால வினையிலும், 'ஷி' வரும்போது வினைக்குப் பின்னால் விட்டுப்போகும் 'எஸ்' எழுத்திலும்தான். பழைய கட்டுரைகளை எடுத்து அந்த இரண்டை மட்டும் சிவப்புப் பேனாவால் தேடுங்கள்.