என்.எஸ்.எஸ். சேரும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) என்றதும் சான்றிதழ்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதைப் பெறும் வழியில், ஒரு ஊரின் வேலையைத் திட்டமிட்டு நடத்தும் உரிமையும் மாணவர்களுக்கு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இப்போது ஒன்றிய அரசின் இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. கல்லூரியில் பொறுப்பேற்கும் ஆசிரியர்தான் திட்ட அலுவலர். முதலாமாண்டிலேயே அவரிடம் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு ஆண்டுப் பணி என்பதால், தாமதமாகச் சேர்ந்தால் கணக்கு முடியாது. என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) இருப்பவர்கள் இதில் சேர முடியாது.

ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. இதோடு 7 நாள் சிறப்பு முகாம் ஒன்றையும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் பாடத்திட்டத்தில் விரிவாக்கப் பணிகளுக்கான பகுதி ஐந்தின் கிரெடிட்டுக்கும் இந்தப் பணி கணக்காகிறது.

அந்த 120 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் நெறிமுறை உண்டு. அறிமுகப் பயிற்சிக்கு 20 மணி நேரம். கல்லூரி வளாகத்துக்குள் தோட்டம் போடுவது, மைதானம் சீர்செய்வது போன்றவை 30 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மீதி 70 மணி நேரம் மக்களிடையே கழிய வேண்டும். விழாவுக்கு நாற்காலி அடுக்குவதும் வரவேற்பில் நிற்பதும் சமூகப் பணி ஆகாது. உங்கள் பணிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் 'வளாகத் தூய்மை' என்றே இருந்தால், திட்ட அலுவலரிடம் பணிவாகவே கேட்கலாம்: "சார், ஊருக்கு எப்போ போறோம்?"

கல்லூரியின் ஒவ்வொரு என்.எஸ்.எஸ். அலகும் (மாணவர் குழு) ஒரு கிராமத்தையோ குடிசைப் பகுதியையோ தத்தெடுக்கிறது. சிறப்பு முகாம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். சாப்பாடு, தங்கும் செலவுக்கு முகாம் நிதி இருக்கிறது. பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கல், காலையில் உடலுழைப்பு, மதியம் பேச்சு அல்லது கணக்கெடுப்பு, மாலையில் கலை நிகழ்ச்சி. என் பார்வையில் இதில் கணக்கெடுப்புதான் உயிர். தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டு யார் காத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினால்தான் அடுத்து செய்ய வேண்டிய வேலை என்னவென்று தெரியும். அதைச் செய்யாமல் போய்க் கன்று நட்டால், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அது காய்ந்து போகும்.

சரி, வேலையை யார் முடிவு செய்வது? கல்லூரி அளவில் ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். முதல்வர் தலைவர், திட்ட அலுவலரும் ஆசிரியர்களும் இருப்பார்கள். தத்தெடுத்த ஊரிலிருந்து ஒருவருக்கும் மாணவத் தலைவர்களுக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் கல்லூரியில் அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். குழு கூடும் முன் கணக்கெடுப்பில் தெரிந்த மூன்று பிரச்சினைகளையாவது எழுதிக் கொடுங்கள். ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் இன்னும் பலம்.

அப்புறம், பணிக் குறிப்பேட்டில் தேதி, வேலை, மணி நேரம் மூன்றையும் அன்றன்றே எழுதி உடனே கையெழுத்து வாங்கிவிடுங்கள். திட்ட அலுவலர் மாறிவிட்டால், பழைய பணிக்குச் சாட்சி அந்தக் குறிப்பேடுதான்.