டி.எம்.டி: மிதிபொறியும் உழைதிறனும்

இதய மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இ.சி.ஜி., எக்கோவுக்குப் பக்கத்தில் அடிக்கடி வரும் பெயர் டி.எம்.டி. விரித்தால் ட்ரெட்மில் டெஸ்ட். இதற்கே ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்றும் பெயர் உண்டு. அதைக் கேட்டு 'மன அழுத்தச் சோதனை' என்று நினைத்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை, ஆனால் மனத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. உடலை உழைக்க வைத்து, அந்தச் சுமையை இதயம் எந்த அளவுக்குத் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் ட்ரெட்மில். ஆங்கிலத்தில் 'ட்ரெட்' என்றால் மிதி, 'மில்' என்றால் ஆலை. நம் ஊரில் ஏற்றம் மிதித்து நீர் இறைத்தது போல, காலால் மிதித்து ஓட்டும் சக்கரம். வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1818 வாக்கில் இதைச் சிறைக்கென்று வடிவமைத்தார். லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் 1821இல் பொருத்தினார்கள். கைதிகள் வரிசையாக நின்று, சுழலும் படிகளில் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சில இடங்களில் அது மாவு அரைத்தது, தண்ணீர் இறைத்தது. சில இடங்களில் ஒன்றுமே செய்யாமல் வெறுமனே சுற்றியது. காசு கட்டி ஜிம்மில் ஓடுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்!

மருத்துவத்துக்குள் இந்தப் பொறி வருவதற்கு முன்பே சோதனை வந்துவிட்டது. 1929இல் ஆர்தர் மாஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டு மரப்படிகளை வைத்து, நோயாளியை ஏறி இறங்கச் சொல்லி நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர், படிச்சக்கரத்துக்குப் பதில் ஓடும் பட்டை கொண்ட ட்ரெட்மில்லைப் பயன்படுத்தினார். 1963இல் அவர் வெளியிட்ட படிநிலை முறைதான் இன்றும் பெருவழக்கு. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். மார்பில் மின்முனைகள் ஒட்டியிருக்க, இ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கும்.

எதற்கு இந்தப் பாடு? இதயத் தமனி சுருங்கியிருந்தாலும், சும்மா படுத்திருக்கும்போது போகிற ரத்தம் போதுமானதாக இருக்கலாம். அப்போது எடுத்த இ.சி.ஜி. ஒழுங்காகவே இருக்கும். தேவை கூடும்போதுதான் பற்றாக்குறை தெரியும். பொதுவாக 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை இலக்கு நாடித்துடிப்பாக வைப்பார்கள். ஐம்பது வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 145. நெஞ்சு வலித்தாலோ, ரத்த அழுத்தம் ஏற வேண்டிய இடத்தில் இறங்கினாலோ இலக்கு வரை காத்திராமல் நிறுத்திவிடுவார்கள். அடைப்பு இல்லாதவருக்கும் சோதனை தவறாக அபாய மணி அடிக்கலாம், குறிப்பாகப் பெண்களுக்கு. அதனால் 'பாசிட்டிவ்' என்று வந்தவுடனே அடைப்பு உறுதி என்று முடிவு கட்ட முடியாது.

அறிக்கையில் 'மெட்' என்று ஓர் எண் இருக்கும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் உடல், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவழிப்பதாகக் கொண்டு, அதை 1 மெட் என்கிறார்கள். 10 மெட் வரை போனவர் அதைப்போல் பத்து மடங்கு உழைத்தார் என்று பொருள். அடைப்பு இருக்கிறதா இல்லையா என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அறிக்கையில் கவனிக்க வேண்டிய எண்களில் இதுவும் ஒன்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஸ்ட்ரெஸ்' லத்தீனில் இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம் பள்ளி இயற்பியல் நூல்கள் அதைத் 'தகைவு' என்கின்றன. கம்பிக்கும் உத்தரத்துக்கும் அது பொருந்தும், நோயாளிக்கு ஒட்டாது. 'உடற்பயிற்சிச் சோதனை' என்பதும் வழக்கில் உண்டு. ஆனால் பயிற்சி என்பது பழகிப் பழகிச் செய்வது, இங்கே ஒரே தடவை உழைத்துக் காட்டுகிறார்கள்.

உழைப்பு என்ற சொல்லே போதும். அதோடு உறவுள்ள 'உழத்தல்' என்ற பழைய வினைக்கு முயலுதல், வருந்துதல் இரண்டும் பொருள். 'உழந்தும் உழவே தலை' என்ற குறளில் வருவது அதுதான். பாடுபடுவதும் பாடு தாங்குவதும் ஒரே சொல்லில் இருப்பதால், நோயாளி எவ்வளவு உழைக்க முடியும் என்பதை 'உழைதிறன்' என்றும், அளக்கும் முறையை 'உழைதிறன் சோதனை' என்றும் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. பொறியை மட்டும் சுட்ட 'மிதிபொறி' போதும். முகமூடி மாட்டி மூச்சுக்காற்றையும் அளக்கும் விரிவான வகையை 'இதய நுரையீரல் உழைதிறன் சோதனை' எனலாம்.

பொறியே தேவைப்படாத வகை ஒன்றும் உண்டு. நுரையீரல் நோயாளிகளை 30 மீட்டர் நீள வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, கடந்த தூரத்தை அளப்பார்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. அதற்குத் தமிழில் 'ஆறு நிமிட நடைச் சோதனை' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.