கிணற்று நீரும் கடலையின் பிடிவாதமும்

நவராத்திரி வந்தால் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு வழக்கு விசாரணைக்கு வரும். இரவு முழுவதும் ஊறிய கடலை மறுநாள் ஒன்றரை மணித்தியாலம் அடுப்பில் கொதித்தும் பல்லுக்குள் மணல்போல் நெருடும். கடைக்காரர் பழைய கடலையைத் தந்துவிட்டார் என்பார் அம்மா. உப்பை முதலிலேயே போட்டதுதான் குற்றம் என்பார் அப்பம்மா. கிணற்றை மட்டும் ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

கடலை வேகும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில், கடலையின் நுண்ணிய கலங்களுக்குள் இருக்கும் மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி வீங்குகின்றன. இது எளிதில் முடிந்துவிடும். கலத்தோடு கலத்தை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைவதுதான் கடினமான வேலை. நன்றாக வெந்த கடலையை இரு விரல்களுக்கிடையே நசுக்கினால், கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கி விலகுவதால் அது வெண்ணெய்போல் மசிகிறது. பசை கரையாத கடலையோ உள்ளே மாப்பொருள் வெந்திருந்தாலும் கட்டி கட்டியாக உடைகிறது.

பெக்டின் என்பது எதிர்மின்னேற்றம் கொண்ட நீண்ட சங்கிலிகளால் ஆனது. இரண்டு நேர்மின்னேற்றங்களை உடைய கல்சியம் அயன், இரு சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து இரண்டையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. மக்னீசியமும் இதே வேலையைச் சற்றுத் தளர்வாகச் செய்கிறது. எங்கள் கரையோர மணலில் சிப்பித் தூளும் பவளத் துண்டுகளும் கலந்திருக்கின்றன. இரண்டுமே கல்சியம் காபனேற்றுத்தான். மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாக இறங்கும் மழைநீர், அந்தக் காபனேற்றையும் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. தேநீருக்கு நீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகத் தடித்திருக்கும் படிவைக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தால், கடலையை இறுக்கிய பொருளை நேரிலேயே காணலாம். இப்படிக் கல்சியம் கரைந்த வன்னீரை முதலில் தனியாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, படிவு அடியில் தங்கியபின் மேல்நீரை இறுத்துக் கடலையை அவித்தால், கல்சியத்தின் ஒரு பகுதி கேத்தலோடு நின்றுவிடும். மழைநீர் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

இதனால் அம்மாவின் குற்றச்சாட்டுத் தள்ளுபடியாகிவிடாது. பருப்பு வகைகள் எல்லாவற்றிலும் பைற்றிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. விதைக்குள் உள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் அது தன்னோடு கட்டிவைத்திருக்கும். வெக்கையும் ஈரமும் மிகுந்த களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடக்கும்போது, விதையிலுள்ள ஒரு நொதியம் பைற்றிக் அமிலத்தை மெல்லச் சிதைக்கிறது. கட்டவிழ்ந்த கல்சியம் கலச்சுவர்ப் பக்கம் நகர்ந்து பெக்டினைப் பிடித்துக்கொள்கிறது. கடல் கடந்து வந்து, திருகோணமலைப் புழுக்கத்தில் சாக்குக்குள் நெடுநாள் கிடந்த கடலை வெளித்தோற்றத்தில் புதிதுபோலவே இருக்கும். சட்டியில்தான் அதன் வயது தெரியும்.

அப்பம்மாவின் வாதந்தான் சற்றுத் திருத்தப்பட வேண்டியது. ஊறவைக்கும் நீரில் உப்பிட்டால் கடலை விரைவாகவே வேகும். உப்பிலுள்ள சோடியம், தோலில் இருக்கும் கல்சியத்தை இடம்பெயர்த்துவிடுகிறது. ஒற்றை மின்னேற்றம் கொண்ட சோடியத்தால் இரு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஆனால் சுத்திகரிக்காத கல்லுப்பில் மக்னீசியமும் சிறிது உண்டு (மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவது அதனால்தான்). ஆகவே அவருடைய அனுபவத்தை அடியோடு தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையில் முந்திச் சேர்க்கக் கூடாதவை பழப்புளியும் தக்காளியும். அமிலச் சூழலில் பெக்டின் எளிதில் உடைவதில்லை.

அமிலத்துக்கு எதிரான காரம் (உறைப்பு அல்ல) இதற்கு நேர்மாறானது. ஊறும் நீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா பெக்டினை வேகமாக உடைக்கும். கை தாராளமானால் சவர்க்காரச் சுவை ஏறும். உயிர்ச்சத்து பி1 அழியும். அந்தச் சட்டியில் மஞ்சளும் விழுந்திருந்தால் நிறம் சிவப்புப் பக்கம் திரும்பும். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சவர்க்காரம் போட்டவர்கள் இந்த நிறத்தைக் கண்டிருப்பார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறும்.

கடலை வெந்தபின் வேலை தண்ணீரிலிருந்து எண்ணெய்க்கு மாறுகிறது. தண்ணீர் 100 பாகையோடு நின்றுவிடும். எண்ணெய் அதற்கு வெகுமேலே ஏறும். அந்தச் சூட்டில் கடுகுக்குள் இருக்கும் சிறிதளவு ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கிறது. அரைத்த கடுகில் நெடியை உண்டாக்கும் நொதியம் சூட்டில் செயலிழப்பதால், வெடித்த கடுகு மூக்கைத் தாக்காமல் வறுத்த வாசனையோடு அடங்குகிறது. செத்தல் மிளகாயின் உறைப்பும் கறிவேப்பிலையின் வாசமும் நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. அந்த எண்ணெய் கடலையிலும் தேங்காய்ச் சொட்டிலும் படரும்போது அவையும் கூடவே போகின்றன. தேசிக்காய்ப் புளியைச் சட்டியை இறக்கியபின் பிழியலாம். கலங்கள் ஏற்கெனவே பிரிந்துவிட்டபடியால், அமிலத்தால் இனிக் கடலையை இறுக்க முடியாது.