அஃபர்மேஷன், விஷுவலைசேஷன்: நம் பேச்சில் இவற்றுக்கு என்ன பெயர்?

இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இப்போது இந்த இரண்டு சொல்லும் தெரியும். இராமநாதபுரத்தில் அரங்கு பிடித்து நடத்தும் தன்னம்பிக்கை வகுப்புகளில் பாதி, ரீல்ஸில் பாதி என்று வந்து சேர்ந்தவை. காலையில் 3 தடவை, மதியம் 6 தடவை, இரவில் 9 தடவை ஒரே வாக்கியத்தை நோட்டில் எழுதும் ‘369 முறை’யும் கூடவே வந்தது.

முதலில் பொருள். அஃபர்மேஷன் என்பது, விரும்புகிற நிலை ஏற்கெனவே வாய்த்துவிட்டதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சின்ன வாக்கியம். அதற்கு இலக்கணமும் உண்டு. ‘நான்’ என்று தன்மையில் இருக்க வேண்டும், நிகழ்காலத்தில் இருக்க வேண்டும், ‘இல்லை’, ‘மாட்டேன்’ எதுவும் வரக்கூடாது. ‘எனக்கு வேலை கிடைக்கும்’ என்று எழுதினால் வகுப்பெடுப்பவர் அடித்துத் திருத்துவார். ‘நான் வேலையில் இருக்கிறேன்’ என்பதுதான் சரி. விஷுவலைசேஷன் என்பது அதே நிலையைக் கண்ணை மூடிப் படமாகப் பார்ப்பது. எந்த நாற்காலி, எந்த மேசை, கதவில் என்ன பெயர்ப்பலகை என்பது வரை பார்க்கச் சொல்வார்கள்.

மண்டபம் பக்கத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். ‘நான் கிராம நிர்வாக அலுவலராகப் பணிபுரிகிறேன்’ என்று பக்கம் பக்கமாக. மேல்வரிகளில் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. கீழே போகப் போக ‘நிர்வாக’வில் கால் தேய்ந்து, கடைசி வரியில் ‘அலுவலர்’ வெறும் கிறுக்கலாக முடிகிறது. அதே வீட்டுத் திண்ணையில் அவள் அம்மா, கடல்பாசி எடுக்கப் போவதற்காக விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பாறையில் விரல் கிழியாமல் இருக்க அந்தத் துணி. எதற்கு எழுதுகிறாள் என்று கேட்டதற்கு, “நல்ல வார்த்தைதானே, எழுதட்டும்” என்றார். இந்த பதிலை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

அஃபர்மேஷனின் வேர் இலத்தீன். ‘ஃபிர்முஸ்’ என்றால் திடமான. அதிலிருந்து ‘அஃபிர்மாரே’, திடப்படுத்து, உறுதி செய். ஆங்கிலத்தில் இந்தச் சொல் நீதிமன்றப் பக்கமும் புழங்கியது. கடவுள் மேல் ஆணையிடுவது தங்கள் சமயத்துக்கு ஆகாது என்று குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் மறுத்ததால், ஆணைக்குப் பதிலாக உறுதி மட்டும் கூறலாம் என்று 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சட்டமே வந்தது. அந்த ஏற்பாடு நம் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது. பதவியேற்பவர் ‘ஆண்டவன் பெயரால்’ என்று ஆணையிடலாம், இல்லாவிட்டால் ‘உளமார உறுதிமொழிகிறேன்’ என்று சொல்லலாம். தமிழ்நாட்டு மேடையில் நாம் அடிக்கடி கேட்ட வாசகம்தான்.

மந்திரியின் வாயிலிருந்து அது குரூப் 4 நோட்டுக்கு வந்ததில் பெரும்பங்கு எமீல் குவே (1857–1926) என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரருக்கு. மருந்தோடு நாலு நல்ல வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஆள் சீக்கிரம் தேறுகிறார் என்று கவனித்தவர். ‘நாளுக்கு நாள், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்’ என்பது அவர் கொடுத்த வாக்கியம். காலையில் எழும்போதும் இரவில் படுக்கும்போதும் 20 தடவை முணுமுணுக்க வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு. 369 போன்றவை எல்லாம் அந்தக் கயிற்றின் பேரப்பிள்ளைகள். அதோடு, குவேயின் வாக்கியத்தில் ‘தேறி வருகிறேன்’ என்றுதான் இருக்கிறது, ‘தேறிவிட்டேன்’ என்று இல்லை. பின்னால் வந்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? எல்லோரும் முதலில் எடுப்பது ‘உறுதிமொழி’. வேர்ப்பொருளுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் நம்மிடம் உறுதிமொழி என்பது நாலு பேர் முன்னால் கையை நீட்டிச் சொல்வது. ஜனவரி 30 அன்று அலுவலக வாசலில் எடுக்கும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி, பள்ளியில் எடுக்கும் போதை ஒழிப்பு உறுதிமொழி எல்லாமே ‘செய்வேன்’, ‘செய்யமாட்டேன்’ என்று எதிர்காலத்தில் முடியும். கண்ணாடி முன் நின்று ‘நான் செல்வந்தன்’ என்று சொல்வதற்கு அந்தப் பெயரை வைத்தால் உறுதிமொழிக்குத்தான் அவமானம்.

‘தற்கூற்று’, ‘நேர்மறைக் கூற்று’ என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை. வாயில்தான் நிற்கவில்லை.

பழைய இலக்கியத்தில் இதற்கு நெருக்கமான ஒரு வழக்கம் உண்டு, விரிச்சி கேட்டல். முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவனை எண்ணி வாடும் தலைவிக்காக, முதிய பெண்கள் நெல்லும் மலரும் தூவித் தொழுது, ஊருக்கு வெளியே போய்க் காத்து நிற்கிறார்கள். காதில் விழும் முதல் பேச்சு நல்லதாக இருந்தால் காரியம் நல்லபடி முடியும். அங்கே ஆயர் மகள் ஒருத்தி, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ‘இன்னே வருகுவர் தாயர்’ என்று சொல்வது கேட்கிறது. இதோ வந்துவிடுவார்கள் உன் தாய்மார். அதைப் பெண்கள் ‘நன்னர் நன்மொழி கேட்டனம்’ என்று வந்து சொல்கிறார்கள். நன்மொழி! பாசிக்குப் போகும் அந்த அம்மா ‘நல்ல வார்த்தை’ என்று சொன்னதும் இதுவேதான். வேறுபாடு ஒன்று உண்டு. விரிச்சியில் நல்ல சொல் அடுத்தவர் வாயிலிருந்து, எதிர்பாராமல் வர வேண்டும். தானே சொல்லித் தானே கேட்டுக்கொள்வது விரிச்சியில் செல்லாது.

நல்ல சொல்லாகப் பார்த்துச் சொல்லும் பழக்கத்துக்கு நன்னூல் ‘மங்கலம்’ என்றே பெயர் வைத்திருக்கிறது. விளக்கை அணைக்கச் சொல்லாமல் குளிர வைக்கச் சொல்வது, ‘போகிறேன்’ என்னாமல் ‘போய்ட்டு வாரேன்’ என்பது, கடலுக்குக் கிளம்புகிறவரை ‘எங்கே போறீக’ என்று கேட்காமல் ‘தூரமா?’ என்று கேட்பது எல்லாம் இந்த வகை. அஃபர்மேஷன் வகுப்பில் ‘எதிர்மறைச் சொல் கூடாது’ என்று கட்டணம் வாங்கிச் சொல்லித் தருவதை நம் வீட்டுக் கிழவிகள் சும்மாவே அதட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கரையில் ஒரு காரியத்தில் இறங்குமுன் மனத்தை நிலைநிறுத்தச் சொல்லும் வாக்கியங்கள் வேறு விதமானவை. இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் புரோகிதர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் சங்கல்பத்தைக் கவனித்துப் பாருங்கள். ஆண்டு, அயனம், மாதம், பட்சம், திதி, கிழமை, நிற்கும் இடம், தன் பெயர், வேண்டும் பலன் எல்லாம் சொல்லி, கடைசியில் ‘கரிஷ்யே’. செய்யப்போகிறேன் என்று பொருள். கீழக்கரையில் நோன்பு மாதத்தில் ‘இந்த வருடத்து ரமலான் மாதத்தின் பர்ளான (கடமையான) நோன்பை அதாவாக (உரிய காலத்தில்) நாளை பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன்’ என்பார்கள். நிய்யத் என்ற அரபுச் சொல்லுக்கு எண்ணம் என்று பொருள். என்ன நோன்பு, எந்த நாள் என்பது அதிலேயே இருக்கிறது. 1693இல் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் உயிர்விட்ட ஓரியூரில் நேர்ச்சை என்பார்கள். நேர்த்திக்கடனும் அதே ‘நேர்’தான். மூன்றிலும் வினைமுற்று ‘செய்கிறேன்’ பக்கம்தான் நிற்கிறது. ‘எனக்குக் கிடைத்துவிட்டது’ என்று மூன்றும் சொல்வதில்லை. அஃபர்மேஷனுக்கும் இவற்றுக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது விஷுவலைசேஷன். பார்ப்பதைக் குறிக்கும் இலத்தீன் ‘விதேரே’தான் மூலம், ‘விஷுவலைஸ்’ என்ற வினையை 1817இல் எழுத்தில் கொண்டுவந்தவர் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ். 1880இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் பலரிடம், ‘இன்று காலை நீங்கள் சாப்பிட்ட மேசையை மனத்தில் கொண்டு வாருங்கள், எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது?’ என்று கேட்டார். சிலருக்கு அப்படியே தெரிந்தது, சிலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்படிப் படமே வராதவர்களின் நிலைக்கு 2015இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன் குழுவினர் ‘அஃபன்டேசியா’ என்று பெயர் வைத்தார்கள். ஆகவே, கண்ணை மூடினால் இருட்டு மட்டும்தான் தெரிகிறது என்பவர்கள் ‘முயற்சி போதவில்லை’ என்ற திட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இதற்கு ‘காட்சிப்படுத்தல்’ என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. அது வரைபடம், புள்ளிவிவரம் போடுகிறவர்களுக்குப் போய்விட்டது, அவர்களிடமே இருக்கட்டும். நம்மிடம் ‘மனக்கண்’ இருக்கிறது. ‘மனக்கண் முன்னால் வந்து நின்றது’ என்று யாரும் சொல்லிப் பழகாமலே சொல்வோம். பெயராக வேண்டுமென்றால் மனக்காட்சி. வினையாக வேண்டுமென்றால் ‘மனசுக்குள் ஓட்டிப் பார்’.

ஓட்டிப் பார்ப்பதில் தேர்ந்தவர்கள் இந்தக் கடலிலேயே இருக்கிறார்கள். ஜிபிஎஸ் வராத காலத்தில் மீன் கிடக்கும் கடலடிப் பாறையான ‘பார்’ இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, கரையில் தெரியும் கோபுரமும் அதன் பின்னால் நிற்கும் பனையும் ஒரே கோட்டில் விழ வேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம், இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். கரையில் உட்கார்ந்தபடியே அந்தக் கோடுகளை மனத்தில் இழுத்து, இன்றைய காற்று வாடையா சோழகமா, எந்தப் பக்கம் தள்ளும் என்றும் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் காட்சியில் கூடை நிறைய மீன் கிடையாது. போகும் வழி இருக்கிறது.

பெரியபுராணத்துப் பூசலாரும் இதே வழிதான். கையில் காசில்லாமல் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர். முடிந்த கோயிலை ஒரே மூச்சில் நினைத்துக்கொள்ளவில்லை. பொருள் திரட்டி, தச்சரைக் கூட்டி, நாள் பார்த்து, அடித்தளம் போட்டு, சிகரம் எழுப்பி, கிணறும் மதிலும் குளமும் வரை ஒவ்வொன்றாக. காஞ்சியில் கல்லால் கோயில் எழுப்பிய பல்லவ மன்னன், பூசலார் குறித்த அதே நாளில் குடமுழுக்கு வைத்திருந்தான், இறைவன் கனவில் வந்து நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார் என்பது கதை. பக்திக் கதையை உளவியல் பாடமாக்குவது சரியில்லைதான். ஆனாலும் அடுத்த பத்தியைப் படிக்கும்போது பூசலார் நினைவுக்கு வருவார்.

1999இல் ஃபாம், டெய்லர் என்ற உளவியலாளர் இருவர் கலிபோர்னியாவில் தேர்வு நெருங்கிய மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவு நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதை மனத்தில் பார்த்தது. இன்னொரு பிரிவு புத்தகத்தை விரித்து உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தது. படிப்பதைப் பார்த்தவர்கள்தான் கூடுதலாகப் படித்தார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள். கிடைத்துவிட்டதாகவே நினைத்து மகிழ்வது ஊக்கத்தைக் குறைக்கிறது என்று காப்பெஸ், ஓட்டிங்கன் இருவரும் 2011இல் காட்டினார்கள். அஃபர்மேஷன் பக்கமும் இதே கதை. கனடாவில் ஜோன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரியவர்’ என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களில், ஏற்கெனவே தன்மதிப்புக் குறைந்தவர்களின் மனம் இன்னும் சோர்ந்தது. தெம்பு இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் தெம்பு கூடியது. உள்ளுக்குள் நம்பாததை வாய் சொல்லும்போது மனம் உடனே மறுத்துப் பேசும்போல.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியது இதற்கு மாற்று. ‘இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்கிறவர்கள் அதைச் செய்துமுடிப்பது அதிகம். சங்கல்பத்தையும் நிய்யத்தையும் அறிந்த ஊருக்கு இது புதுச் செய்தியாகத் தோன்றாது.

‘எண்ணிய எண்ணியாங்கு எய்துப’ என்பதை எல்லா வகுப்பிலும் திரையில் போடுகிறார்கள். பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்’ என்று குறள் நிபந்தனையோடுதான் முடிகிறது. அது இருப்பதும் வினைத்திட்பம் அதிகாரத்தில், 666ஆம் குறள். இலத்தீன் ‘ஃபிர்முஸ்’ சொல்லும் அதே திடம்தான் ‘திண்’. திடம் வாக்கியத்தில் இருந்தால் போதாது, சொல்கிற ஆளிடம் இருக்க வேண்டும்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் ‘கனவு காணுங்கள்’ இந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளிச் சுவரிலும் இருக்கும். தூக்கத்தில் வருவதற்கே பெயராக இருந்த கனவு, இலட்சியம் என்ற பொருளில் இவ்வளவு பரவியதில் அவருக்குப் பங்குண்டு. விமானியாக வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. டேராடூனில் 25 பேர் போட்டியிட்டு 8 பேரை எடுத்தார்கள், கலாம் ஒன்பதாவது. மனத்தில் பார்த்த படம் அப்படியே வரவில்லை, அவர் வேறு வேலைக்குப் போனார். இதைச் சுவரில் யாரும் எழுதுவதில்லை.

ஆக, என் தெரிவு இது: அஃபர்மேஷனுக்கு நன்மொழி, விஷுவலைசேஷனுக்கு மனக்காட்சி, ஆங்கிலத்தில் ஆட்டோசஜஷன் எனப்படும் குவேயின் 20 முடிச்சு முறைக்குத் தற்கருத்தேற்றம். வாக்கியத்தின் முடிவு ‘செய்கிறேன்’ என்று மாறிவிட்டால் அதை உறுதிமொழி என்றே சொல்லலாம். மண்டபத்துப் பெண்ணின் வாக்கியத்தை அப்படி மாற்றினால், ‘இரவு சாப்பிட்டதும் திண்ணையில் உட்கார்ந்து பழைய வினாத்தாள் ஒன்றை முடிக்கிறேன்’ என்று வரும். பதினெட்டுத் தடவை எழுத வேண்டாம், ஒரு தடவை போதும்.

மிச்சம் இருப்பது மேனிஃபெஸ்டேஷன், அதாவது மனத்தில் நினைத்ததை நிஜத்தில் நடக்க வைப்பது. இதற்கு ‘வெளிப்பாடு’ என்று எழுதுகிறார்கள், ஒட்டவில்லை. அந்தச் சொல்லுக்குள் இலத்தீன் ‘மானுஸ்’ இருக்கிறது, கை என்று பொருள். நம்மிடம் ஏற்கெனவே ‘கைகூடுதல்’ இருக்கிறது. ‘நினைச்சது கைகூடிருச்சு’ என்று இங்கே எல்லோரும் சொல்வதுதான், அதையே எழுதிக்கொள்ளலாம்.